நாலரை மணி நேர ஃபுட்டேஜை ஒன்பது நிமிடக் குறும்படமாக்குவது

நான் தொழில்முறை எடிட்டர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊரில், வாய்க்காலில் தண்ணீர் வருமா வருமா என்று காத்திருக்கும் ஒரு பெரியவரைப் பற்றி என் சித்தப்பா மகன் ஒரு குறும்படம் எடுத்தான். இரண்டு போன், ஒரு இரவல் கேமரா, பெரியவராக நடித்தது எங்கள் சொந்த மாமா. லேப்டாப் என்னிடம் இருந்ததால் எடிட்டர் நான். பாதிப் பேர் இப்படித்தான் எடிட்டர் ஆகிறார்கள் என்று பிற்பாடு தெரிந்தது. நாலரை மணி நேர ஃபுட்டேஜ் (இன்னும் வெட்டாத படப்பதிவு), எட்டு ஜிபி ராம், மூன்று மாதம். கடைசியில் ஒன்பது நிமிடம் தேறியது. அந்த மூன்று மாதத்தில் எதையெல்லாம் தப்பாகச் செய்தேனோ அதையெல்லாம் நீங்கள் செய்யாமல் இருக்கத்தான் இதை எழுதுகிறேன்.

எடிட்டருக்கு மவுஸைப் பிடிக்கத் தெரிந்த அளவுக்குக் காதால் கேட்கவும் தெரிந்திருக்க வேண்டும். இதைப் புரிந்துகொள்ளவே எனக்கு இரண்டு மாதம் போனது. அதைப் பிறகு சொல்கிறேன், முதலில் சலிப்பான வேலைகள்.

கார்டை யாரிடமும் கொடுக்காதே

ஷூட்டிங் முடிந்த ராத்திரியே மெமரி கார்டில் இருப்பதை இரண்டு இடத்தில் காப்பி எடுத்துவிடுங்கள், லேப்டாப்பில் ஒன்று, தனி ஹார்டு டிஸ்கில் ஒன்று. இரண்டும் ஒரே பையில் இருந்தால் அது ஒரு காப்பிக்குத்தான் சமம், பை தொலைந்தால் எல்லாம் போயிற்று. காப்பி ஆகிவிட்டது என்று திரையில் வந்தால் போதாது, நாலைந்து கிளிப்பைத் திறந்து கடைசி வரை ஓடுகிறதா என்று பார்த்த பிறகுதான் கார்டை ஃபார்மேட் செய்ய வேண்டும். எங்களுக்கு என்ன ஆனது என்றால், இரண்டாம் நாள் காலையில் கார்டில் இடம் இல்லை என்று உதவிக்கு வந்த பையன் நல்லெண்ணத்தோடு எல்லாவற்றையும் அழித்துவிட்டான். மாமா மண்வெட்டியோடு வரப்பில் நடந்து வரும் காட்சி அதோடு போனது. அதை மறுபடி எடுத்தோம், ஆனால் முதல் தடவை நடந்த நடை திரும்ப வரவில்லை. நடிக்கிறோம் என்று மாமாவுக்கு அதற்குள் தெரிந்துவிட்டது.

ஃபோல்டருக்குத் தேதியும் இடமும் வைத்துப் பெயர் கொடுங்கள். ‘நாள்1_வாய்க்கால்’, ‘நாள்2_திண்ணை’ என்ற அளவில் போதும். ‘புதுசு’, ‘புதுசு2’, ‘ஃபைனல்புதுசு’ என்று வைத்தால் மூன்றாவது வாரம் நீங்களே உங்களைத் திட்டுவீர்கள்.

வெட்டுவதற்கு முன் முழுதாகப் பார்

மென்பொருள் எது என்று ரொம்ப யோசிக்க வேண்டாம். நான் டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பில் செய்தேன். பணம் கட்ட வேண்டிய எஃபெக்ட்டை நாமே இழுத்துப் போட்டால் ஒழிய வாட்டர்மார்க் வராது, 4கே வரைக்கும் ஏற்றுமதியும் செய்யலாம். லேப்டாப் ரொம்பப் பழசு என்றால் ஷாட்கட், கேடென்லைவ் இரண்டும் இலவசம், சுமையும் குறைவு.

ஆனால் புராஜெக்ட்டைத் திறந்தவுடன் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது: டைம்லைனின் (கிளிப்புகளை வரிசையாக அடுக்கும் பட்டை) ஃபிரேம் ரேட்டை, அதாவது நொடிக்கு எத்தனை படம் என்பதை, முடிவு செய்வது. ரிசால்வில் ஃபுட்டேஜை உள்ளே போட்ட பிறகு அதை மாற்ற விடாது. நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். டியூப் லைட் வெளிச்சத்தில் எடுப்பதாக இருந்தால் 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 என்று வைப்பதுதான் நல்லது, இல்லையென்றால் சுவர் மினுக்மினுக்கென்று அடிக்கும். அந்த மினுக்கலை எடிட்டில் சரிசெய்வது பெரிய தலைவலி. எங்களில் ஒருவன் 30-லும் இன்னொருவன் 25-லும் எடுத்துவைத்திருந்தான், கேமராவைப் பக்கவாட்டில் திருப்பிய ஷாட் எல்லாம் தடுக்கித் தடுக்கி நகர்ந்தது. அசையாத ஷாட்டில் அது தெரியாது என்பதால், 30-ல் எடுத்ததில் நிலையான ஷாட்களை மட்டும் வைத்துக்கொண்டேன்.

போன் ஃபுட்டேஜில் இன்னொரு வில்லங்கம் உண்டு. போன் சீரான வேகத்தில் பதிவு செய்வதில்லை, வெளிச்சத்தையும் சூட்டையும் பொறுத்து ஃபிரேம் ரேட் கொஞ்சம் ஏறி இறங்கும். தனியாக மைக்கில் பதிந்த ஒலியை அதனுடன் சேர்த்தால் ஆரம்பத்தில் பொருந்தும், ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் மாமா வாயை மூடிய பிறகு வார்த்தை வரும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் ‘கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்’ என்று தேர்வு செய்து எல்லா போன் கிளிப்பையும் ஒரு தடவை மாற்றிவிட்டு அப்புறம் எடிட்டில் போடுங்கள். ராத்திரி ஓடவிட்டுத் தூங்கலாம், கரண்ட் போகாமல் இருந்தால். ஒலியைச் சேர்க்க, ஒவ்வொரு டேக்கின் தொடக்கத்திலும் கையைத் தட்டியிருந்தால் போதும், அந்த ‘டப்’ இரண்டு டிராக்கிலும் கூராக நிற்கும். தட்டவில்லையா, மென்பொருளே அலைவடிவத்தை வைத்துச் சேர்க்கப் பார்க்கும், பத்தில் ஏழெட்டு சரியாக வரும்.

எட்டு ஜிபி லேப்டாப்பில் 4கே ஃபுட்டேஜ் ஓடாது, திணறும். 720 அளவில் பிராக்ஸி (அசலுக்குப் பதிலாக வைக்கும் சின்ன நகல்) உருவாக்கி அதில் வெட்டிவிட்டு, கடைசியில் அசலுக்கு மாறிக்கொள்ளலாம். இதைச் செய்யாமல் முதல் பத்து நாள் ஒவ்வொரு கட்டுக்கும் முப்பது நொடி காத்திருந்த மடையன் நான்.

சரி, இப்போதுதான் உண்மையான வேலை. நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொண்டு மொத்த ஃபுட்டேஜையும் ஒரே ஒரு தடவை, எதையும் வெட்டாமல் பாருங்கள். எந்த இடத்தில் உடம்பு லேசாக முன்னால் சாய்கிறதோ அந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். காரணம் எழுத வேண்டாம். ஏனென்றால் இரண்டாம் தடவை பார்க்கும்போது உங்களுக்குக் கதை தெரியும், ஐந்தாம் தடவை பார்க்கும்போது எதுவுமே உறைக்காது. முதல் பார்வை ஒரு தடவைதான் கிடைக்கும், அந்த நோட்டுதான் கடைசி வரை கைகொடுத்தது.

ரஃப் கட், அதாவது அழுகிற கட்டம்

ஸ்கிரிப்ட் வரிசைப்படி நல்ல டேக்குகளை அடுக்கினேன், இந்த முதல் அடுக்கல்தான் ரஃப் கட், 23 நிமிடம் வந்தது. போட்டுக் காட்டினேன். சித்தப்பா மகன், அவன்தான் இயக்குநர், எதுவும் பேசாமல் எழுந்து போய் டீ குடித்துவிட்டு வந்தான். எல்லா முதல் அடுக்கலும் அப்படித்தான் இருக்கும், அதைப் பார்த்துப் படமே வீண் என்று நினைத்துவிடாதீர்கள்.

அடுத்து என்ன செய்வது என்றால், ஒவ்வொரு காட்சியின் தலையையும் வாலையும் வெட்டுங்கள். ஆள் கதவைத் திறந்து உள்ளே வந்து செருப்பைக் கழற்றி உட்கார்ந்து பேச ஆரம்பிக்கும் வரை எடுத்துவைத்திருப்போம், பேச்சின் இரண்டாவது வரியிலிருந்து தொடங்கினாலே ஜனங்களுக்குப் புரியும். இதை மட்டும் செய்ததில் 23 நிமிடம் 16 ஆனது. அப்புறம் ஒவ்வொரு காட்சியாக எடுத்துவிட்டுப் படத்தை ஓட்டிப் பார்த்தேன். கதை நொண்டவில்லை என்றால் அந்தக் காட்சி வேண்டாம். பெட்டிக்கடையில் மாமா மூன்று நிமிடம் பேசும் ஒரு காட்சி, ஷூட்டிங்கில் எல்லாரும் கைதட்டியது, மேட்டூரில் எத்தனை அடி இருக்கிறது, கர்நாடகா என்ன சொல்கிறது என்று பேப்பரைப் படித்துக்கொண்டே நக்கல் அடிப்பார். அதை எடுத்துவிட்டுப் பார்த்தோம். படம் இறுகிவிட்டது. தண்ணீர் எப்போது வரும் என்று அவர் வாயால் சொல்லாதபோதுதான் அவர் காத்திருப்பது தெரிந்தது. சித்தப்பா மகன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

முகங்களைப் பற்றி ஒன்று. நூறு வருஷத்துக்கு முன்னால் ரஷ்யாவில் குலெஷோவ் என்ற இயக்குநர் ஒரே முகத்தைச் சூப்புத் தட்டுக்குப் பக்கத்திலும் சவப்பெட்டிக்குப் பக்கத்திலும் ஒட்டிக் காட்டினார், பார்த்தவர்களுக்கு அதே முகம் ஒன்றில் பசியாகவும் இன்னொன்றில் துக்கமாகவும் தெரிந்தது என்று எடிட்டிங் சொல்லித்தரும் எல்லாரும் சொல்வார்கள். நான் நம்பவில்லை, மாமாவை வைத்துச் செய்து பார்த்தேன். மதிய வெயிலில் சும்மா உட்கார்ந்து, அநேகமாகச் சாப்பாடு எப்போது வரும் என்று யோசித்துக்கொண்டிருந்த ஒரு ஷாட். வெடித்துக் கிடக்கும் வயலுக்குப் பிறகு அதை வைத்தேன், பார்த்த அத்தை கண்ணைத் துடைத்தாள். ஆகவே ‘நல்ல நடிப்பு’ என்று எழுதிவைத்த டேக்கை மட்டும் தேடாதீர்கள். டேக் தொடங்கும் முன்பும் ‘கட்’ சொன்ன பிறகும் ஓடிய மிச்சத்தில்தான் எங்கள் படத்தின் சிறந்த மூன்று முகங்கள் கிடைத்தன.

பயிர் காட்டிக்கொடுக்கும்

இது டெல்டாவில் படம் எடுப்பவர்களுக்கே உரிய பிரச்சனை, எந்தப் பாடத்திலும் இதைச் சொல்லித்தர மாட்டார்கள். ஜூன் 12-ல் மேட்டூர் திறப்பார்கள், மாதக் கடைசிக்குள் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்துவிடும், அப்போது கிளைமாக்ஸ் எடுக்கலாம் என்று திட்டம். 2024-ல் ஜூன் 12-ல் திறக்கவில்லை, ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். அங்கிருந்து கல்லணைக்கு வந்து, வெண்ணாறு வழியாக இறங்கி, எங்கள் கிளை வாய்க்காலை எட்டியபோது ஆகஸ்ட் பாதி தாண்டிவிட்டது. படத்தில் இது ஒரே நாளில் நடக்கும் கதை. காலையில் காய்ந்த வாய்க்கால், ராத்திரி தண்ணீர்.

மாமாவின் வயல் தரிசாகத்தான் கிடந்தது, அதில் சிக்கல் இல்லை. பக்கத்து வயல்காரர் போர்வெல் வைத்திருக்கிறார், குறுவை நெல் நட்டிருந்தார். ஜூனில் எடுத்த ஷாட்டில் பின்னால் நட்டுப் பத்து நாளான இளம் பயிர், ஆகஸ்டில் எடுத்த ஷாட்டில் அதே இடத்தில் கதிர் சாய்ந்து பழுத்து நிற்கிறது. சென்னையில் யாருக்கும் தெரியாது. எங்கள் ஊரில் மூன்று வயதுப் பிள்ளை கேட்கும்.

மூன்று வழி கண்டுபிடித்தேன். ஒன்று, ஆகஸ்ட் ஷாட்களைப் பெரிதாக்கிப் பயிர் ஃபிரேமுக்கு வெளியே போகும்படி வைப்பது. 4கே-யில் எடுத்து 1080-ல் வெளியிட்டால் இரண்டு மடங்கு வரை பெரிதாக்கினாலும் படம் உடையாது. இரண்டு, ஜூன் வைடு ஷாட்டுக்கும் ஆகஸ்ட் வைடு ஷாட்டுக்கும் நடுவில் ஏதாவது ஒரு குளோசப்பை வைப்பது, காலோ, மண்வெட்டிக் கணையோ, மடையை அடைத்த வைக்கோலோ எதுவானாலும் சரி. கண் நடுவில் வேறொன்றைப் பார்த்துவிட்டால் முன்னால் பார்த்த பச்சையை அப்படியே நினைவில் வைத்திருக்காது. மூன்றாவதுதான் பெரிய உதவி: கிளைமாக்ஸை இருட்டுக்குத் தள்ளியது. அந்தி வேளையில் எடுத்ததை நிறத்தில் இன்னும் இறக்கி இரவாக்கிவிட்டேன். பயிர் கருப்பாகிவிட்டது, பிரச்சனையும் தீர்ந்தது. இதைத் திட்டமிட்டுச் செய்தோம் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இனி காது

படம் ஒரு ஷாட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது கண்ணைவிடக் காதுக்குத்தான் முதலில் தெரியும். திண்ணையில் இரண்டு பேர் பேசும் காட்சி. மாமாவைக் காட்டும்போது பின்னால் தூரத்தில் பம்ப்செட் மோட்டார் ஓடுகிறது, எதிரில் இருப்பவரைக் காட்டும் டேக் எடுத்தபோது மோட்டார் நின்றுவிட்டது. மாற்றி மாற்றி வெட்டினால் மோட்டார் நின்று நின்று ஓடும். கட் எல்லாம் துருத்திக்கொண்டு தெரிந்தது, நான் ஒரு வாரம் படத்தை மாற்றி மாற்றி வெட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன், குறை ஒலியில் என்று உறைக்கவே இல்லை.

தீர்வு எளிது. ஒவ்வொரு இடத்திலும் எல்லாரையும் வாயை மூடச் சொல்லி ஒரு நிமிடம் சும்மா பதிவு செய்துவைக்க வேண்டும், அந்த இடத்தின் வெறும் சத்தம். அதைக் காட்சி முழுக்க அடியில் ஒரே பாயாக விரித்துவிட்டால் மேலே எத்தனை கட் இருந்தாலும் தெரியாது. நாங்கள் எடுக்கவில்லை. திரும்பப் போய் அதே திண்ணையில் சாயங்காலம் உட்கார்ந்து பதிவு செய்தேன், காக்கை, தூரத்து டிராக்டர், யாரோ பாத்திரம் தேய்க்கும் சத்தம் எல்லாம் சேர்ந்து வந்தது. மோட்டார் ஓசையைத் தனியாகப் பதிந்து மோட்டார் இல்லாத டேக்குகளுக்கும் அடியில் சேர்த்தேன். இருக்கிற சத்தத்தை அழிப்பதைவிட இல்லாத இடத்திலும் அதைச் சேர்ப்பது நூறு மடங்கு சுலபம்.

சின்னச் சின்ன விஷயங்கள்: ஒலியை வெட்டும் ஒவ்வொரு இடத்திலும் இரண்டு மூன்று ஃபிரேம் அளவுக்கு ஒன்றை மங்கவிட்டு இன்னொன்றை ஏற்றுங்கள், ‘டிக்’ என்ற சத்தம் வராது. வசனத்தில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை ஃபில்டர் போட்டு வெட்டினால் காற்று மைக்கில் மோதிய கடகடப்பு குறையும், குரலுக்கு ஒன்றும் ஆகாது. வசனத்தின் உச்சம் மைனஸ் 12 டெசிபலை ஒட்டி இருந்தால் போதும். கோயில் ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு ஓடும்போது எடுத்த டேக்கைத் தூக்கிப் போடுங்கள், யூடியூபில் ஏற்றினால் பாட்டின் உரிமைக்காரர் பெயரில் கிளெய்ம் வரும். அதோடு வசனத்தை வெட்டும் இடத்தில் எல்லாம் பாட்டும் தாவும். மார்கழியில் ஷூட்டிங் வைக்காதீர்கள் என்பதுதான் இதற்கு என் பதில்.

அப்புறம், ஒலியையும் படத்தையும் ஒரே இடத்தில் வெட்ட வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை. அடுத்த காட்சியின் ஒலியை அரை நொடி, ஒரு நொடி முன்னாலேயே நுழைத்தால் அது ஜே கட். முந்தைய ஒலியை அடுத்த படத்துக்குள் நீட்டினால் எல் கட். டைம்லைனில் பார்த்தால் அந்த எழுத்து வடிவம் தெரியும். பேச்சுக் காட்சியில் பேசுபவரையே காட்டிக்கொண்டிருக்காமல், பேச்சு ஓடும்போதே கேட்பவரின் முகத்துக்குப் போவது இப்படித்தான்.

எங்கள் படத்தில் இது முழுசாகப் பயன்பட்டது தண்ணீர் வரும் இடத்தில். காய்ந்த வாய்க்காலில் முதல் தண்ணீர் வருவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது ஓடி வராது, ஊர்ந்து வரும். முன்னால் செத்தையும் சருகும் நுரையும் தள்ளிக்கொண்டு, மண் குடித்துக் குடித்து நிற்கும், பிறகு நகரும். ஒரு சரசரப்பு வரும், வெடிப்புக்குள் இறங்கும்போது கொப்புளம் விடும் சத்தம் வரும். இதை நான் முதலில் மாமா முகம், தண்ணீர், மாமா முகம், தண்ணீர் என்று இரண்டு இரண்டு நொடியாக வெட்டி வைத்திருந்தேன், இசையும் போட்டிருந்தேன். பார்க்க ஏதோ உர விளம்பரம் மாதிரி இருந்தது.

இசையை மியூட் செய்தேன். மாமா கயிற்றுக் கட்டிலில் படுத்திருக்கும் இருட்டு ஷாட்டில், தவளைச் சத்தத்துக்கு நடுவே அந்தச் சரசரப்பை மட்டும் மெல்ல ஏற்றினேன். படத்தில் இன்னும் தண்ணீர் இல்லை. ஆறு நொடி. அவர் கண்ணைத் திறக்கிறார் (உண்மையில் கொசு கடித்ததற்குத் திறந்தது). அதற்குப் பிறகு தண்ணீரைக் காட்டி, 14 நொடி வெட்டாமல் விட்டேன். பதினாலு நொடி ரொம்ப நீளம், விரல் துடிக்கும், ரசிகன் ஸ்கிப் செய்துவிடுவான் என்று பயம் வரும். கண்ணை மூடிக்கொண்டு ஒலியை மட்டும் கேட்டேன், சத்தத்தில் ஏதாவது மாறிக்கொண்டே இருக்கும் வரை ஷாட் உயிரோடு இருந்தது, பதினைந்தாவது நொடியில் புதிதாக எதுவும் கேட்கவில்லை, அங்கே வெட்டினேன். ஒரு ஷாட் எவ்வளவு நேரம் நிற்கலாம் என்ற கேள்விக்கு எனக்குத் தெரிந்த ஒரே சோதனை இதுதான்.

நிறமும் எழுத்தும்

எல்லா வெட்டும் முடிந்து, இனி ஒரு ஃபிரேமும் மாற்ற மாட்டோம் என்று இயக்குநர் சத்தியம் செய்த பிறகுதான் நிறத்தைத் தொட வேண்டும். முதலில் வெளிச்சம், அடுத்து ஒயிட் பேலன்ஸ் (வெள்ளை வெள்ளையாகத் தெரியும்படி சரிசெய்வது), அடுத்து முகத்தோல், கடைசியாகத்தான் ‘லுக்’, அதாவது மொத்தப் படத்தின் நிறச் சாயல். போன்கள் வயலின் பச்சையைப் பிளாஸ்டிக் வாளி மாதிரி ஆக்கிவிடும், பச்சையை மட்டும் தேர்ந்தெடுத்துச் செறிவைக் குறைத்துக் கொஞ்சம் மஞ்சள் பக்கம் தள்ளினால் வயலாகிவிடும். மதிய வெயிலில் வெள்ளை வேட்டி வெளுத்துப் போயிருந்தால் மீட்க முடியாது, விட்டுவிடுங்கள்.

டைட்டிலில் தமிழ் எழுத்து உடைகிறது என்பது பலரின் புலம்பல். கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் என்று சிதறினால், முதலில் ஃபான்ட் யூனிகோடா என்று பாருங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், கட்டமரன், முக்த மலர் எல்லாம் இலவசம், நன்றாகவும் இருக்கும். பிரீமியரில் செய்பவர்கள் கிராஃபிக்ஸ் அமைப்புக்குள் போய் டெக்ஸ்ட் எஞ்சினை ‘சவுத் ஏசியன் அண்ட் மிடில் ஈஸ்டர்ன்’ என்று மாற்ற வேண்டும், அதோடு சரியாகிவிடும். அப்படியும் வரவில்லையா, வேறு ஏதாவது செயலியில் டைட்டிலைப் பின்னணி இல்லாத படமாகச் செய்து உள்ளே போடுங்கள்.

விழாக்களுக்கு அனுப்ப ஆங்கில சப்டைட்டில் வேண்டும். ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம், வரிக்கு நாற்பது எழுத்துக்குள். பேசியதை எல்லாம் மொழிபெயர்க்க முயலாதீர்கள். ‘மொறத்தண்ணி’யை (முறை வைத்து விடும் தண்ணீர்) ஆங்கிலத்தில் விளக்கப் போய் நான் இரண்டு வரிக் கட்டுரை எழுதிவைத்தேன், படித்து முடிக்கும் முன் காட்சியே முடிந்துவிட்டது.

காட்டிப் பார்ப்பது

ஏற்றுமதிக்கு எச்.264 என்ற வீடியோ வடிவம், 1080 அளவு, எடுத்த அதே ஃபிரேம் ரேட், பிட்ரேட் (நொடிக்கு எவ்வளவு தரவு என்பது) 15 முதல் 20 எம்பிபிஎஸ், ஒலி 48 கிலோஹெர்ட்ஸ். யூடியூப் சத்தத்தை மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (மொத்தச் சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குக் குறைத்துக்கொள்ளும், அதை ஒட்டி நீங்களே வைத்துவிட்டால் அது கை வைக்காது. போன் ஸ்பீக்கரில் ஒரு தடவை, டிவியில் ஒரு தடவை, ஹெட்போனில் ஒரு தடவை கேளுங்கள். என் தவளைகள் போனில் கேட்கவே இல்லை, தண்ணீரின் சரசரப்பும் பாதிதான். கொஞ்சம் ஏற்ற வேண்டியிருந்தது.

வெளியிடும் முன் நாலைந்து பேரைக் கூட்டி உட்காரவைத்துக் காட்டுங்கள், கருத்துக் கேட்காதீர்கள், திரையைப் பார்க்காமல் அவர்களைப் பாருங்கள். எங்கே போனை எடுக்கிறார்கள், எங்கே உட்கார்ந்திருக்கும் விதத்தை மாற்றுகிறார்கள் என்று குறித்துக்கொண்டால் போதும். கருத்துக் கேட்டால் எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள், மாமாவைத் தவிர.

மாமா வீட்டுத் திண்ணையில் டிவியை வெளியே இழுத்துவைத்துப் போட்டோம். பாதியில் கரண்ட் போய், வந்து, மறுபடி முதலிலிருந்து ஓட்டினோம். முடிந்ததும், “ஏன் மாப்ள, பெட்டிக்கடையில நான் அவ்வளவு பேசுனேனே, அதெல்லாம் எங்க?” என்றார். வெட்டிவிட்டேன் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது, கரண்ட் போனபோது போயிருக்கும் மாமா என்றேன். அவர் நம்பவில்லை. தண்ணீர் வரும் இடத்தைப் பற்றி மட்டும் ஒன்று கேட்டார்: “அது நம்ம வாய்க்கா சத்தமா, வேற எங்கயாச்சும் புடிச்சதா?” எங்கள் வாய்க்கால்தான். தலையை ஆட்டிக்கொண்டார்.

இன்னொன்று, படம் வெளியான பிறகும் ஒரு மாதத்துக்காவது புராஜெக்ட்டையும் ஃபுட்டேஜையும் அழிக்காதீர்கள். கடைசிப் பெயர்ப் பட்டியலில் யாருடைய இனிஷியலாவது தப்பாக இருக்கும். எங்களுடையதில் தப்பாகப் போனது மாமாவுடையது.